முனீஸ்வரன் கோவில் தெருவில் 600 ரூபாய்க்குச் சிக்கிய பெயரில்லாத எல்பி: யாருக்காவது பிடிபடுகிறதா?

வளவுக்காரன் | ஞாயிறு, இரவு 10.40

காரைக்குடிப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும், முனீஸ்வரன் கோவில் தெருப் பழஞ்சாமான் கடைகளில் ரிக்கார்டு தேடுவது என்றால் பக்திப் பாட்டும் பட வசனமும் உள்ள கீறல் விழுந்த தட்டுகளைப் புரட்டிவிட்டு முட்டிவலியோடு எழுந்து வருவதுதான். போன சனிக்கிழமை ஒரு கடையில் எனாமல் தூக்குகளுக்கும் ஒரு ரவிவர்மா படத்துக்கும் நடுவில் வெள்ளை அட்டை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. உருவினால் எல்பி. முன்பக்கம் ஊதா மையில் ரப்பர் ஸ்டாம்பு, "3" என்று மட்டும். பின்பக்கம் ஒன்றுமே இல்லை, தட்டின் நடு லேபிளும் வெறும் வெள்ளை. கடைக்காரர் ஆயிரம் சொன்னார், 600க்குப் படிந்தது. கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டைக் காலி பண்ணும்போது வந்த சாமானாம், அந்த வீட்டுப் பிள்ளை ஜெர்மனியில் இருந்தவராம்.

வீட்டில் போட்டுக் கேட்டால் பாட்டு என்று எதுவும் இல்லை. ஒரு பக்கத்துக்கு ஆறு துண்டு. முதல் பக்கம் டிரம் மெஷின், பல்லில் ஐஸ் பட்ட மாதிரி ஒரு சிந்தசைசர், ஒரு பெண் பிரெஞ்சில் (என்று நினைக்கிறேன்) எதையோ வாசிக்கிறார். இரண்டாம் பக்கம் முழுக்க இருட்டு. அதில் மூன்றாவது துண்டு இருக்கிறதே, அதைச் சொல்லத்தான் இந்த இழை. ஏழு நிமிஷம் ஒரே முனகல், அதன் அடியில் நொடிக்கு மூன்று வீதம் ஒரு துடிப்பு. எங்கள் வீட்டு வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய கட்டில், பங்காளிகள் அறை எல்லாம் பூட்டிக் கிடக்கிறது, நானும் ஆத்தாவும்தான். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு இதைப் போட்டால் அந்தப் பூட்டிய அறைகளுக்குள்ளிருந்து வருகிற மாதிரியே இருக்கிறது. ஆத்தா எழுந்து வந்து, "மோட்டார் ஓடுதாடா? தொட்டி நிறைஞ்சிருச்சா பாரு" என்று கேட்டார்.

இது என்ன, யார் போட்டது, ரிக்கார்டு விற்கும் டிஸ்காக்ஸ் இணையதளத்தில் விற்கலாமா? அந்த மூன்றாவது துண்டை லேப்டாப்பில் இழுத்து ஏற்றியிருக்கிறேன், கேட்டுச் சொல்லுங்கள்.


புதுவயல் பொடியன் | ஞாயிறு, இரவு 11.05

கேட்டேன் அண்ணே. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் காதை வைத்த மாதிரி இருக்கிறது. இதற்கு 600 ரூபாயா?


இருட்டுக்காது | திங்கள், காலை 6.50

பொடியனுக்கு அப்புறம் பதில் சொல்கிறேன். வளவுக்காரன், உங்கள் கையில் இருப்பது அனுமதி வாங்காமல் போட்ட தொகுப்பு, பூட்லெக். வெள்ளை அட்டை, ரப்பர் ஸ்டாம்பு என்பது இந்தத் தொழிலில் பழைய வழக்கம். 1969ல் பாப் டிலனின் வெளிவராத பதிவுகளை யாரோ அமெரிக்காவில் திருட்டுத்தனமாக எல்பியாகப் போட்டார்கள், அதற்கும் வெள்ளை உறைதான், மேலே ரப்பர் ஸ்டாம்பில் 'கிரேட் ஒயிட் ஒண்டர்' என்று குத்தியிருப்பார்கள். அதிலிருந்துதான் ராக் இசையில் இந்தச் சந்தையே சூடு பிடித்தது.

அதன் இன்னொரு கிளைதான் தொகுப்புகள். பெரிய ஆட்களின் பதிவைத் திருடுவது ஒரு வகை, யாருக்குமே தெரியாத ஆட்களைத் தேடிப் பிடித்து ஒரே தட்டில் கோர்ப்பது வேறு வகை. 1978ல் தொடங்கிய 'பெப்பிள்ஸ்' வரிசை அறுபதுகளின் கராஜ் பாண்டுகளை (கார் ஷெட்டில் வாசித்துப் பழகிய சின்ன ராக் குழுக்களை) அப்படித்தான் கோர்த்தது. இருட்டு இசைக்கு, அதாவது பாட்டில்லாமல் முனகலும் இரைச்சலுமாக ஓடும் வகைக்கு வந்தால், எண்பதுகளில் ஐரோப்பாவில் வீட்டில் உட்கார்ந்து நான்கு டிராக் கேசட் ரிக்கார்டரில் பதிந்து, 30, 50 பிரதி எடுத்துத் தபாலில் மாற்றிக்கொண்ட ஒரு பெருங்கூட்டம் இருந்தது. கடைக்கு வராத இசை. அந்தக் கேசட்டுகள் இன்று கிடைத்தால் தங்கம், கிடைக்காது, ஆகவே யாரோ ஒருவர் தன் சேகரிப்பிலிருந்து பன்னிரண்டைப் பொறுக்கிச் சில நூறு தட்டு போட்டுவிடுகிறார்.

எதைத் தேடுவது என்பதற்கே ஒரு பட்டியல் உண்டு. 1979ல் நர்ஸ் வித் வூண்ட் என்ற ஆங்கிலேயக் குழு தன் முதல் எல்பியை 500 பிரதி போட்டது, கூடவே தங்களுக்குப் பிடித்த, ஊரில் யாருமே கேள்விப்படாத கலைஞர்கள் பெயரை வரிசையாக எழுதி உள்ளே வைத்தது. 300க்கு நெருங்கிய பெயர்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தலைமுறையே கடை கடையாக அலைந்தது. பட்டியல் போட்டவர்கள் வெறும் பெயரைத்தான் கொடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். நம் ரப்பர் ஸ்டாம்பு ஆசாமி நேர் எதிர், ஒலியைக் கொடுத்துவிட்டுப் பெயரை ஒளித்துக்கொண்டார்.

டிஸ்காக்ஸில் பதிந்து வைக்கலாம், விற்க முடியாது. "அதிகாரபூர்வமற்றது" என்று குறித்த எதையும் அங்கே விற்பனைக்கு விடமாட்டார்கள்.

பொடியா, ஃபிரிட்ஜ் சத்தம் என்று சிரிக்காதே. லஸ்ட்மோர்ட் என்கிற பிரையன் வில்லியம்ஸ் குகை, நிலவறை என்று இறங்கிப் பதிந்த ஒலிகளை வைத்து 1990ல் ஒரு முழு ஆல்பமே போட்டார், இந்த வகைக்கே அதைத்தான் தாய்வேர் என்பார்கள். ராகம் எங்கே, தாளம் எங்கே என்று கேட்டால் கிடைக்காது. இடம்தான் இங்கே இசை. வளவில் கைதட்டிப் பார்த்திருக்கிறாயா? முட்டைவெள்ளைக் கருவும் சுண்ணாம்பும் தேய்த்த சுவர், ஆத்தங்குடிக் கல் தரை, சத்தம் போய் மோதித் திரும்பி வருமே, அதை மட்டும் ஒரு மணி நேரம் கேட்பதாக நினைத்துக்கொள்.


நிக்கல் தொட்டி | திங்கள், மதியம் 1.20

இந்த இழையில் நானும் ஒட்டிக்கொள்கிறேன். படித்தது நம் ஊர் சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்), மின்சாரத்தால் உலோக முலாம் ஏற்றும் எலக்ட்ரோபிளேட்டிங் பக்கம். அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து 1953ல் திறந்த இடம். எல்பி செய்வது பாதிக்குமேல் எங்கள் தொழில்தான் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை.

முதலில் அலுமினியத் தட்டின் மேல் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு, அதை லாக்கர் என்பார்கள், அதில் சூடான ஊசியால் வரியை வெட்டுகிறார்கள். அந்தப் பூச்சில் மின்சாரம் பாயாது, ஆகவே மேலே வெள்ளியைத் தெளித்து ஒரு படலம் ஏற்றி, அப்புறம் நிக்கல் தொட்டியில் தொங்கவிடுகிறார்கள். மணிக்கணக்கில் நிக்கல் ஏறிப் படிந்ததும் உரித்து எடுத்தால் வரி எல்லாம் மேடாக நிற்கும் ஒரு எதிர்ப்படிவம், அதற்கு ஃபாதர் என்று பெயர். அதிலிருந்து மதர், மதரிலிருந்து ஸ்டாம்பர், ஸ்டாம்பரை அழுத்தும் எந்திரத்தில் மாட்டி பிவிசியில் குத்து. குறைந்த பிரதி போடுகிறவர்கள் செலவுக்குப் பயந்து ஃபாதரையே ஸ்டாம்பராக மாட்டிவிடுவார்கள். அது தேய்ந்தால் கதை முடிந்தது, மறுபடி லாக்கர் வெட்ட வேண்டும்.

இது எதற்கு என்றால், தட்டில் கடைசி வரி முடிந்து லேபிளுக்கு முன்னால் வழுவழுவென்று ஒரு வட்டம் இருக்கும், டெட் வாக்ஸ். அங்கே வெட்டியவர் கையால் கீறிய எண்ணோ, ஆலை எந்திரத்தால் குத்திய முத்திரையோ இருக்கும். உறையில் எதை மறைத்தாலும் அதை மறைக்க மறந்துவிடுவார்கள். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் படியுங்கள். அப்புறம் ஒரு பக்கம் எத்தனை நிமிஷம் ஓடுகிறது என்றும் சொல்லுங்கள்.


வளவுக்காரன் | திங்கள், இரவு 9.15

டெட் வாக்ஸில் எந்திர முத்திரை எதுவும் இல்லை. கையால் "3 ஏ", "3 பி" என்று கோணல் மாணலாகக் கீறியிருக்கிறது, "3 பி" பக்கத்தில் ஒரு சின்ன மீன் படம். முதல் பக்கம் 26 நிமிஷம், இரண்டாம் பக்கம் 27. சத்தம் ரொம்பக் குறைவு, ஆம்பிளிஃபயரை எப்போதும் வைப்பதைவிட இரண்டு புள்ளி கூட்டி வைக்க வேண்டியிருக்கிறது.


நிக்கல் தொட்டி | திங்கள், இரவு 9.40

27 நிமிஷமா, அதுதான் சங்கதி. 33⅓ வேகத்தில் ஒரு பக்கத்துக்கு 20, 22 நிமிஷம் வரை நிம்மதியாக வெட்டலாம். அடித்தொனி அதிகமானால் ஊசி பக்கவாட்டில் அகலமாக ஆடும், வரி அதிக இடம் பிடிக்கும். இருட்டு இசை என்பது அடித்தொனியைத் தவிர வேறு என்ன? அதைக் கொண்டுபோய் 27 நிமிஷத்தில் அடைக்க ஒரே வழி, எல்லாவற்றையும் மெலிதாக வெட்டுவது. சத்தம் குறைந்தால் தட்டின் சொந்த இரைச்சல் மேலே வரும். பன்னிரண்டு துண்டு கிடைத்ததே என்று கேட்பவர் சந்தோஷப்படுவார், ஒன்றாவது உருப்படியாகக் கேட்குமா என்பது வேறு. பேராசை. எட்டோடு நிறுத்தியிருக்கலாம்.


தேவகோட்டை ரஸ்தா | செவ்வாய், காலை 7.30

நீங்கள் எல்லோரும் பூட்லெக், திருட்டு என்று முகம் சுளிப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. நாம் எல்லோரும் வளர்ந்ததே அனுமதியில்லாத தொகுப்பில்தானே. பஸ் ஸ்டாண்டு எதிரில் ரெக்கார்டிங் சென்டர் இருந்ததே, மறந்துவிட்டதா? நோட்டுத் தாளில் இருபது பாட்டு எழுதிக் கொடுத்து, மெல்ட்ராக் 60 போதுமா டிடிகே 90 வேண்டுமா என்று பேரம் பேசி, நாலு நாள் கழித்துப் போனால் அண்ணன் கேசட்டை நீட்டுவார். கடைசியில் இரண்டு நிமிஷம் மிச்சம் இருந்தால் அவராகவே ஒரு பி.ஜி.எம்மைப் போட்டு நிரப்பியிருப்பார், பல நேரம் அதுதான் நாம் கேட்ட இருபதைவிட நன்றாக இருக்கும். யாரிடம் அனுமதி கேட்டார் அவர்? நம் காது திறந்ததே அவரால்தானே. கடையில் கிடைக்கிற இசையைத் திருடினால் தப்பு. கிடைக்கவே கிடைக்காத இசையை, பூஞ்சை பிடித்து அழியப்போகிற கேசட்டை, ஒருவன் சொந்தக் காசைப் போட்டுத் தட்டாக்கினால் அவன் தொண்டு செய்கிறான் என்றுதான் நான் சொல்வேன்.


இருட்டுக்காது | செவ்வாய், காலை 8.10

ரஸ்தா அண்ணே, நல்ல உதாரணம், ஆனால் அது எனக்குத்தான் சாட்சி சொல்கிறது. அந்த ரெக்கார்டிங் சென்டர் அண்ணன் உள் அட்டையில் என்ன எழுதினார்? முத்து முத்தான கையெழுத்தில் பாட்டின் முதல் வரி, எதிரில் படத்தின் பெயர், இடம் இருந்தால் பாடியவர் பெயர். எங்கள் வீட்டில் இன்னும் நாலைந்து அட்டை இருக்கிறது, மை மங்கவில்லை. காசுக்கு நகல் எடுத்தவர்கூடப் பெயரை விடவில்லை. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு நீங்கள் அடுத்த கேசட்டுக்குப் போனீர்கள். இந்த "3" ஆசாமி தேடுவதற்குப் பல வருஷம் செலவழித்திருப்பார், அதை மறுக்கவில்லை. ஆனால் யாருடைய ஒலி என்று எழுதாமல் விட்டுவிட்டு எதைக் காப்பாற்றினார்? பெயரை மறைப்பதில் அவருக்கு ஒரு வசதி, சொந்தக்காரன் தேடிக்கொண்டு வரமாட்டான். இன்னொரு வசதி, அடுத்த சேகரிப்பாளன் அந்தக் கேசட்டைத் தேடிப் போக மாட்டான், இவர் ஒருவரிடமே இருக்கும். தொண்டு என்று சொல்லாதீர்கள்.


தேவகோட்டை ரஸ்தா | செவ்வாய், காலை 8.25

இரண்டாவது வசதி நான் யோசிக்காதது. முதலாவதுக்கு மட்டும் பதில் சொல்கிறேன், பெயர் போட்டால் வழக்கு வரும், தட்டே வந்திருக்காது. பெயரில்லாத தட்டா, தட்டே இல்லையா?


கோட்டையூர் கணக்கு | செவ்வாய், காலை 11.00

சட்டம் பற்றி அரைகுறையாகப் பேச்சு வரும் முன் சொல்லிவிடுகிறேன். 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி இந்தியாவில் ஒலிப்பதிவுக்கு வெளியான வருஷத்துக்கு அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு. 1963ல் வெளியானது என்றால் 2023 முடிவோடு அந்தப் பதிவின் உரிமை தீர்ந்தது. மெட்டுக்கும் வரிக்கும் கணக்கு தனி, அது எழுதியவர் ஆயுளுக்குப் பிறகு 60. எண்பதுகளின் கேசட் என்றால் நம்மில் பாதிப் பேர் காலமான பிறகுதான் விடுதலை. 63ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். தமிழ்நாட்டில் திருட்டு விசிடிக்காரர்களைக் குண்டர் சட்டத்தின் கீழேயே கொண்டுவந்தது 2004ல். தட்டை வாங்கி வீட்டில் கேட்பவரை யாரும் பிடிக்கப்போவதில்லை. அச்சடிக்க நினைப்பவருக்குத்தான் இந்தக் கணக்கு.


வளவுக்காரன் | செவ்வாய், இரவு 8.50

கணக்கு அண்ணன் என் மனதைப் படித்துவிட்டார் போல. உண்மையைச் சொல்கிறேன், இரண்டு நாளாக ஒரு ஆசை. இந்த மாதிரி நாமும் ஒன்று போட்டால் என்ன? நம் பக்கத்தில் எண்பதுகளில் கோவில் திருவிழாவுக்கு ஆர்கன் வாசித்தவர்கள், சவுண்டு சர்வீஸ்காரர்கள் சோதனைக்குப் பதிந்து வைத்த டேப், இரவல் சிந்தசைசரில் யாராவது இருட்டில் உட்கார்ந்து விளையாடிய கேசட், இதெல்லாம் எங்கேயாவது ஒரு இரண்டாங்கட்டு அறையில் கிடக்கும்தானே. தேடிச் சேர்த்து நூறு தட்டு. ஏ.வி. மெய்யப்பன் படம் எடுக்க இறங்கும் முன் காரைக்குடியில் குடும்பக் கடையில் கிராமபோன் தட்டு விற்றவர்தான், அப்புறம் சென்னையில் கூட்டாளிகளோடு சரஸ்வதி ஸ்டோர்ஸ் ஆரம்பித்துத் தட்டுகளே வெளியிட்டார். ஊருக்கு இந்தத் தொழில் புதிதில்லை.


இருட்டுக்காது | செவ்வாய், இரவு 9.30

தேடுங்கள், நானும் வருகிறேன். ஆனால் அச்சடிக்கும் முன் ஆளைத் தேடுங்கள், அதற்கு இரண்டு முன்மாதிரி நம் நாட்டிலேயே உண்டு. இந்திப் படங்களுக்கு வாசித்த சரண்ஜித் சிங் 1982ல் ராகங்களை டிரம் மெஷினோடும் டிபி-303 என்ற பேஸ் சிந்தசைசரோடும் வாசித்துப் போட்ட எல்பி அன்று விற்கவில்லை. நெதர்லாந்துக்காரர் ஒருவர் அந்தத் தட்டை டெல்லியில் பழைய கடையில் எடுத்து, மும்பைக்குப் போய் அவரையே கண்டுபிடித்து, 2010ல் மறுபதிப்பு போட்டார். பலன் என்ன? எழுபது வயதில் அந்த மனிதர் ஐரோப்பாவில் மேடையேறினார். வெள்ளை அட்டையில் ரப்பர் ஸ்டாம்போடு வந்திருந்தால் அவருக்குத் தெரிந்தேயிருக்காது.

இன்னொன்று அகமதாபாத் என்.ஐ.டி, தேசிய வடிவமைப்பு நிறுவனம். 1969ல் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் ட்யூடர் அங்கே ஒரு மூக் சிந்தசைசரை வைத்து ஸ்டூடியோ அமைத்துக் கொடுத்தார், கீதா சாராபாய் உட்பட ஐந்தாறு பேர் அதில் பதிந்தார்கள், டேப் எல்லாம் அலமாரியில் தூங்கியது. பிரிட்டிஷ் கலைஞர் பால் பர்காஸ் போய் எடுத்து 2023ல் தொகுப்பாக வந்தது, ஒவ்வொரு துண்டுக்கும் ஆள் பெயரும் உண்டு. அதில் சிலது வளவுக்காரனின் தட்டைவிட இருட்டு.


கண்டனூர் கரண்ட் | புதன், காலை 5.40

வணக்கம். மின்வாரியத்தில் முப்பத்துமூன்று வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். இசை பற்றி உங்கள் அளவுக்குத் தெரியாது, பேரன் சொல்லி இந்த இழையைப் படித்தேன். தம்பி ஏற்றிய துண்டை, ஒலியில் என்னென்ன அதிர்வெண் இருக்கிறது என்று கோடாகக் காட்டுகிற மென்பொருளில் போட்டுப் பார்த்தேன், ஒரு சின்ன சந்தேகம்.

அடியில் இரண்டு கோடு தெரிகிறது. ஒன்று சரியாக 50 ஹெர்ட்ஸ். இன்னொன்று 47. ஐம்பது என்பது நம் லைன் சத்தம், அது தட்டில் இல்லை, தம்பி வீட்டில் இருக்கிறது. எர்த் சரியில்லை என்று அர்த்தம். 47 என்பதுதான் விசித்திரம், உலகத்தில் எந்த நாட்டிலும் 47ல் கரண்ட் விடுவதில்லை. ஐரோப்பா 50, அமெரிக்கா 60. ஆகவே அந்த 47 பதியும்போது 50ஆக இருந்திருக்க வேண்டும், பிறகு எங்கேயோ வேகம் குறைந்திருக்கிறது, நூற்றுக்கு ஆறு. தம்பூராவில் இரண்டு கம்பி சேராவிட்டால் அலை அடிக்கும் அல்லவா, அதேபோல் 50க்கும் 47க்கும் வித்தியாசம் மூன்று, நொடிக்கு மூன்று துடிப்பு. தம்பி ரசிக்கிற அந்த நெஞ்சுத்துடிப்பு தட்டிலேயே இல்லை என்று நினைக்கிறேன். ரிக்கார்டு பிளேயரின் பின்னால் பச்சையாகவோ கறுப்பாகவோ ஒரு தனி வயர் தொங்கும், அது ஆம்பிளிஃபயரில் திருகியிருக்கிறதா?

பிளேயரே மெதுவாக ஓடுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு தாளில் வட்டமாக 180 கோடு சம இடைவெளியில் அச்செடுத்துத் தட்டின்மேல் வைத்துச் சுழலவிடுங்கள். சோக்கு வைத்த பழைய டியூப் லைட்டின் அடியில் பார்க்க வேண்டும், அது நொடிக்கு நூறு முறை மினுக்கும். வேகம் சரியாக 33⅓ என்றால் கோடு எல்லாம் அசையாமல் நிற்கும். எல்.இ.டி பல்பில் பார்த்தால் பல நேரம் ஒன்றும் தெரியாது.


புதுவயல் பொடியன் | புதன், காலை 9.00

ஐயா, காலில் விழுந்தேன்.


வளவுக்காரன் | புதன், இரவு 11.20

என்ன சொல்வது என்று தெரியவில்லை.

வீட்டில் எல்லாம் எல்.இ.டிக்கு மாற்றியாயிற்று, ஒரே ஒரு பழைய டியூப் லைட் பெரியப்பா பங்கு அறைக்குள் இருக்கிறது. சாவி திருச்சியில் அவர் மகனிடம். அப்புறம் இரண்டாங்கட்டில் சாமான் அறையில் ஒன்று இருப்பது ஞாபகம் வந்து, ஸ்டார்ட்டரைத் தட்டித் தட்டி எரியவிட்டு, பிளேயரை அங்கேயே தூக்கிக்கொண்டு போய் ஒரு அண்டாவைக் கவிழ்த்து அதன்மேல் வைத்தேன். 180 கோடும் நின்றது. கொஞ்சம், மிகக் கொஞ்சம், எதிர்ப்பக்கம் நகர்கிற மாதிரி இருந்தது, அவ்வளவுதான். பிளேயர்மேல் குற்றமில்லை.

அப்புறம் அந்த வயர். பிளேயருக்குப் பின்னால் கறுப்பு வயர் சுருட்டிக் கட்டியபடியே கிடந்தது. வாங்கின நாளிலிருந்து அவிழ்க்கவில்லை. ஆம்பிளிஃபயர் திருகில் மாட்டிவிட்டு மூன்றாவது துண்டைப் போட்டேன். துடிப்பு இல்லை. முனகல் இருக்கிறது, நெஞ்சு மட்டும் நின்றுபோயிற்று. நான்கு நாளாக என் வீட்டு எர்த்தைத்தான் மெய்மறந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். ஆத்தா மோட்டார் என்று சொன்னபோதே புரிந்திருக்க வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், துடிப்போடுதான் எனக்குப் பிடித்திருந்தது, வயரைக் கழற்றி இன்னொரு தடவை கேட்டேன்.


நிக்கல் தொட்டி | வியாழன், காலை 10.15

வளவுக்காரன் முழுத்தட்டையும் அனுப்பியிருந்தார், பார்த்தேன். முதல் பக்கத்தில் நான்கு துண்டு 16,000 ஹெர்ட்ஸுக்கு மேலே சுவர் வைத்தாற்போல் வெட்டப்பட்டிருக்கிறது. மட்டமான எம்பி3லிருந்து எடுத்திருக்கிறார்கள். அதாவது கேசட்டைக்கூட வைத்திருக்கவில்லை, இணையத்தில் யாரோ ஏற்றியதை இறக்கித் தட்டில் வெட்டியிருக்கிறார்கள். ரஸ்தா அண்ணன் பூஞ்சை பிடித்த கேசட்டைக் காப்பாற்றிய தொண்டு என்றாரே, அது இதற்குப் பொருந்தாது. இரண்டாம் பக்கத்து மூன்றாவது துண்டு மட்டும் நேரே கேசட்டிலிருந்து, டேப்பின் இரைச்சல் மேலே வரைக்கும் போகிறது. அந்த டெக்கின் பெல்ட் தளர்ந்திருக்கும், வேகம் குறைந்த கதை அதுதான்.


இருட்டுக்காது | வியாழன், இரவு 10.30

கரண்ட் ஐயா சொன்ன கணக்கை வைத்துத் துண்டை 50/47 மடங்கு வேகப்படுத்தினேன். சுருதி கிட்டத்தட்ட அரை ஸ்வரம் ஏறியது. இத்தனை நாள் தேடியும் பொருந்தாததற்குக் காரணம் இதுதான், பாட்டைக் கண்டுபிடிக்கிற செயலிகள் சுருதி மாறினால் கையை விரித்துவிடும். இப்போது பிடித்துவிட்டது. பெல்ஜியத்தில் 1984ல் வந்த ஒரு கேசட், அதன் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. கேசட்டை ஏற்றியிருப்பவர் உட்புறத் தாளையும் படம் எடுத்துப் போட்டிருக்கிறார், ஆள் பெயரோடு ஊரும் இருக்கிறது. அவர் பெயரை இங்கே பொதுவில் போடவில்லை, வளவுக்காரனுக்குத் தனியாக அனுப்பினேன். இந்தத் தட்டைப் பற்றி இணையத்தில் இரண்டு இடத்தில் பேசியிருக்கிறார்கள், "அந்த நத்தை வேகம், அந்தப் பாதாளச் சுருதி" என்று உருகுகிறார்கள். தளர்ந்த பெல்ட்டுக்கு விழுந்த பாராட்டு.


தேவகோட்டை ரஸ்தா | வியாழன், இரவு 11.00

எம்பி3 விஷயத்தில் தோற்றேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று, இந்தக் களவாணித் தட்டு இல்லாவிட்டால் கானாடுகாத்தானிலிருந்து பெல்ஜியம் வரை இந்த இழை ஓடியிருக்காது.


இருட்டுக்காது | வியாழன், இரவு 11.10

ஓடியிருக்காதுதான். பெயர் எழுதியிருந்தால் நான்கு நாளுக்குப் பதில் நான்கு நிமிஷத்தில் ஓடியிருக்கும்.


வளவுக்காரன் | அடுத்த செவ்வாய், மாலை 6.30

அந்தப் பெல்ஜியம் கேசட்காரருக்கு எழுதியிருந்தேன், பதில் வந்துவிட்டது. அவரே எழுதினார். எனக்குக் கை நடுங்கியது, உள்ளதைச் சொல்கிறேன்.

எழுபதைத் தாண்டியவர். 40 கேசட்தான் எடுத்தாராம், பாதியைத் தபாலில் மாற்றிக்கொண்டார், மிச்சம் அக்கா வீட்டு வெள்ளத்தில் போயிற்று. அவரிடம் ஒன்றுகூட இல்லை. இந்த எல்பி வந்தது அவருக்குத் தெரியாது, யாரும் கேட்கவில்லை. கோபப்பட்ட மாதிரி தெரியவில்லை, ஒரு இடத்தில் மட்டும் "மற்ற பதினொரு பேரிடமாவது கேட்டார்களா?" என்று எழுதியிருந்தார். வேகம் குறைந்ததைக் கேட்டுச் சிரித்தார், மெதுவாகக் கேட்டால் தனக்கே வேறு யாரோ செய்தது போல் இருக்கிறதாம், இப்படியே விட்டுவிடலாம் என்றார். காரைக்குடி எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் பார்த்தாராம். வளவில் கைதட்டும் சத்தத்தைப் பதிந்து அனுப்ப முடியுமா என்று கேட்டிருக்கிறார், அதை இன்று மாலையே செய்துவிட்டேன், பின்னணியில் ஆத்தா பால்காரரோடு சண்டை போடுவதும் சேர்ந்து பதிந்திருக்கிறது.

அந்த 47 என்னவென்றும் கேட்டேன். அத்தை வீட்டு கார் ஷெட்டில் உட்கார்ந்து பதிந்தாராம். பக்கத்தில் ஒரு பெரிய ஐஸ்பெட்டி, இறைச்சி வைக்கிறது. அதை அணைக்க அத்தை விடவில்லை.


புதுவயல் பொடியன் | செவ்வாய், மாலை 6.33

ஃபிரிட்ஜ்!!! முதல் நாளே சொன்னேனா இல்லையா? எல்லோரும் குகை, நிலவறை என்று பாடம் எடுத்தீர்களே.


இருட்டுக்காது | செவ்வாய், மாலை 6.50

ஒப்புக்கொண்டேன் சாமி. ஒரு வெள்ளைப் பணியாரம் உன் பேருக்கு.


வளவுக்காரன் | செவ்வாய், இரவு 7.40

தட்டை அவருக்கே அனுப்பிவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். நான் டிஜிட்டலில் வைத்துக்கொள்கிறேன். நூறு தட்டு போடுகிற யோசனை இப்போதைக்கு நிற்கட்டும், முதலில் அந்த ஆர்கன்காரர்களைத் தேடிப் பார்க்கலாம், கொத்தமங்கலத்தில் ஒருவர் இருப்பதாகக் கேள்வி. நாளை தபால் ஆபீஸ் போகிறேன், வெளிநாட்டுப் பார்சலுக்குச் சுங்கப் படிவத்தில் பொருளின் மதிப்பு என்று ஒரு கட்டம் இருக்கிறதாம், அதில் என்ன எழுதுவது?


கோட்டையூர் கணக்கு | செவ்வாய், இரவு 7.55

கொடுத்த விலை எதுவோ அது. 600. அன்பளிப்பு என்கிற கட்டத்தில் டிக் அடியுங்கள்.


நிக்கல் தொட்டி | செவ்வாய், இரவு 8.05

தட்டை உறைக்குள் வைத்து அனுப்பாதீர்கள், வழியில் குலுங்கி உறையின் ஓரத்தைக் கிழித்துவிடும். உள்தாளோடு வெளியே எடுத்து உறைக்குப் பின்னால் வைத்து, இரண்டு பக்கமும் கெட்டி அட்டை, அட்டையின் கோடு ஒன்று குறுக்கே ஒன்று நெடுக்கே வருகிற மாதிரி. பார்சல் கட்டியதும் வெயிலில் வைக்காதீர்கள், நம் ஊர் சித்திரை வெயிலில் அரை மணி நேரத்தில் அப்பளமாகிவிடும்.